எஃப்ஓஎஸ் தயாரிப்பு: நொதியைக் கரைத்துவிடுவதா, கலனில் கட்டிவைப்பதா, பொடியாகவே வாங்கிக்கொள்வதா?

“சர்க்கரை நம்ம ஊருல இல்லாததுங்களா? அதுலயே ப்ரீபயாட்டிக் பண்ணி வித்தா என்னங்க?” கவுந்தப்பாடி, கோபி, சத்தி பக்கம் வெல்லத் தொழிலில் இருப்பவர்கள் கேட்பது இது. கோவையில் சத்துமாவு, ஹெல்த் மிக்ஸ் போடுபவர்கள் கேட்பது கொஞ்சம் வேறு: “கிலோ கணக்கில் எஃப்ஓஎஸ் பொடி வாங்குகிறோம், நாமே தயாரித்தால் மிச்சமாகுமா?” இரண்டு பேரும் கண்காட்சியிலோ யாரோ சொல்லியோ ‘நிலைநிறுத்திய நொதி’, அதாவது கரைந்து போகாமல் கலனிலேயே நிற்கும்படி கட்டிவைத்த என்சைம், என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு தடவை நொதி வாங்கினால் மாசக்கணக்கில் ஓடும் என்பது கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. அது யாருக்கு ஓடும், யாருக்கு ஓடாது என்பதைப் பார்ப்போம்.

முதலில் பொருள். எஃப்ஓஎஸ் என்பது பிரக்டோ ஒலிகோசாக்கரைடு. சாதாரணச் சர்க்கரையின் மூலக்கூறு ஒரு குளுக்கோசும் ஒரு பிரக்டோசும் சேர்ந்தது. அதனுடன் மேலும் ஒன்று, இரண்டு, மூன்று பிரக்டோஸ் தொத்திக்கொண்டால் முறையே கெஸ்டோஸ், நிஸ்டோஸ், பிரக்டோபுரனோசில் நிஸ்டோஸ் கிடைக்கும். இந்த மூன்றின் கலவைதான் எஃப்ஓஎஸ். நம் சிறுகுடலால் இதைச் செரிக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. இப்படிப்பட்ட தீனியைத்தான் ப்ரீபயாட்டிக் என்கிறார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, வாழைப்பழத்தில் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. இனிப்பு சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே நேரத்தில் அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும்.

பிரக்டோசை ஒட்டவைக்கும் வேலையைச் செய்வது பிரக்டோசில் டிரான்ஸ்பெரேஸ் என்ற நொதி. ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகளிலிருந்தும், ஆரியோபாசிடியம் புல்லுலன்ஸ் என்ற பூஞ்சையிலிருந்தும் இதை எடுக்கிறார்கள். ஜப்பானில் மெய்ஜி நிறுவனம் 1980களிலேயே எஃப்ஓஎஸ்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. திம்பம் மலை ஏறி இறங்கினால் வரும் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான சிஎஃப்டிஆர்ஐயிலும் இதில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆக, முடியுமா என்ற கேள்வி தீர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. எந்த வழியில் செய்தால் கட்டுப்படியாகும் என்பதுதான் மிச்சம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். முதலாவது, வருடத்தில் எத்தனை நாள் ஆலை ஓடும். இரண்டாவது, உள்ளே விடும் பாகு எவ்வளவு சுத்தம். மூன்றாவது, கையில் வரும் பொருளில் எஃப்ஓஎஸ் எத்தனை விழுக்காடு. நான்காவது, கழிவுநீர். ஐந்தாவது, ராத்திரி ஷிப்டில் ஏதாவது கோளாறானால் நிற்கிற ஆளுக்குப் புரியுமா. நொதியின் விலையை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. முதல் இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அது தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டாவது விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் வெல்லக்காரர்களுக்கு அதுதான் முக்கியம். நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து நேராக நொதிக்குக் கொடுக்கலாமா? கூடாது என்று சொல்லமாட்டேன், வீண் என்று சொல்வேன். வெல்லத்தில் ஏற்கனவே பத்து விழுக்காட்டை ஒட்டி உடைந்த சர்க்கரை, அதாவது குளுக்கோசும் பிரக்டோசும், இருக்கும். இந்த நொதியின் வேகத்தை அடக்குவதே குளுக்கோஸ்தான். போதாததற்குச் சுண்ணாம்பு, சாம்பல் சத்து, நிறம், மிதக்கும் தூசி. தொட்டியில் கரைத்த நொதி இதையெல்லாம் ஓரளவு தாங்கும். கலனில் நிரப்பிய நொதி தாங்காது, இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்பக்கூடல், சத்தியமங்கலம் ஆலைகளின் வெள்ளைச் சர்க்கரை ஒரு மணி நேர லாரித் தூரத்தில் கிடைக்கிறது. அதிலும் கந்தகம் போடாத ரீஃபைன்டு சர்க்கரை கிடைத்தால் இன்னும் நல்லது. கவுந்தப்பாடிச் சர்க்கரையின் நிறமும் மணமும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெருமை. நொதிக் கலனுக்கு அதே நிறம் பாரம். நாட்டுச் சர்க்கரையின் பெயர் வேண்டுமென்றால், எஃப்ஓஎஸ்ஸைத் தனியாகச் செய்து கடைசியில் கலந்துகொள்ளுங்கள்.

## வழி 1: பொடியாக வாங்கிக் கலப்பது

தினம் இருபது முப்பது கிலோ தேவைப்படும் சத்துமாவு யூனிட்டுக்கு வேறு பேச்சே வேண்டாம், இதுதான். சந்தையில் இரண்டு வகை வரும். ஒன்று, மேலே சொன்னபடி சர்க்கரையிலிருந்து செய்தது. இன்னொன்று, சிக்கரிக் கிழங்கிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்தை நொதியால் நறுக்கிச் செய்தது. காபித்தூளில் கலக்கிறோமே, அதே சிக்கரி. சுத்திகரித்த வகைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை கிடைக்கிறது. சின்ன ஆலையில் நீங்கள் தொட முடியாத எண் அது.

மறைந்திருக்கும் செலவு ஈரம். பொடி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும். ஐப்பசி மழையில் பிரித்த மூட்டையைக் குடோனில் விட்டால் அடுத்த வாரம் சுத்தியல் வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் டாலர் ஏறும்போது உங்கள் விலையும் ஏறும். இவ்வளவுதான் குறை.

## வழி 2: தொட்டியில் கரைத்துவிடும் நொதி

சூடேற்ற வெளிச்சுவர் (ஜாக்கெட்) போட்ட ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி, கலக்கி, வெப்பக் கட்டுப்பாடு. கோவையில் பால் பண்ணைச் சாமான் செய்பவர்களே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். 60 பிரிக்ஸ் (நூறு கிராம் பாகில் 60 கிராம் கரைபொருள்) சுமாருக்குச் சர்க்கரைப் பாகு, அமிலத்தன்மை 5.5 பிஎச், சூடு 50 முதல் 55 டிகிரி. நொதியை ஊற்றிக் கலக்கி, பல மணி நேரம் விட்டு, பிறகு 90 டிகிரிக்கு ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் நொதி செத்துவிடும்.

பாகு ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? தண்ணீர் அதிகமானால் நொதி பிரக்டோசை இன்னொரு சர்க்கரையோடு ஒட்டுவதற்குப் பதில் தண்ணீரோடு சேர்த்துவிடும். அப்போது கிடைப்பது வெறும் உடைந்த சர்க்கரை. கெட்டிப் பாகில் கிருமிகளும் லேசில் வளராது, அது கூடுதல் லாபம்.

இதற்கும் வெல்லம் மாதிரி ஒரு பதம் உண்டு. எஃப்ஓஎஸ் ஏறிக்கொண்டே போய் ஓர் உச்சியைத் தொடும். அப்புறம் சர்க்கரை தீர்ந்துவிட்டதால் நொதி தான் கட்டியதைத் தானே உடைக்க ஆரம்பிக்கும், அளவு இறங்கும். கொப்பரைக்காரர் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பதுபோல இங்கே பார்க்க முடியாது. பலர் பிரிக்ஸ் மீட்டரை நம்பி ஏமாறுவது இங்கேதான். அது மொத்தக் கரைபொருளைத்தான் காட்டும். சர்க்கரை எஃப்ஓஎஸ்ஸாக மாறினாலும் மாறாவிட்டாலும் முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். ஒவ்வொரு பிரக்டோஸ் ஒட்டும்போதும் ஒரு குளுக்கோஸ் வெளியே வருகிறதல்லவா, அந்தக் குளுக்கோசை மணிக்கொரு தடவை டெஸ்ட் கிட்டில் அளந்தால் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். முதல் சில பேட்சுகளுக்கு சர்க்கரை வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி இருக்கும் ஆய்வகத்தில் கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

குறை என்ன? ஒவ்வொரு பேட்சுக்கும் புது நொதி. செத்த நொதிப் புரதம் பாகிலேயே கிடக்கும், கார்பனிலும் ஃபில்டரிலும் எடுக்க வேண்டும். சூடேற்றிக் குளிர வைக்கும் விறகுச் செலவு ஒவ்வொரு தடவையும் உண்டு. ஆனால் நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்திவிடலாம். தீபாவளி ஆர்டர் முடிந்து இரண்டு மாதம் தொட்டி சும்மா கிடந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. மிச்ச நொதி குளிர்ப்பெட்டியில் இருக்கும். சீசனுக்குச் சீசன் ஓட்டுபவருக்கும், ஒரே தொட்டியில் பல சரக்கு போடுபவருக்கும் இது பொருந்தும்.

## வழி 3: நிலைநிறுத்திய நொதி, ஓடும் பாகு

நொதியைச் சின்னச் சின்ன உருண்டைகளின் மேல் ஒட்டி, அவற்றை ஒரு கலனில் நிரப்பி, சூடான பாகை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுப்பது. நொதி உள்ளேயே நிற்கும், பாகு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். தொழிற்சாலை அளவில் இது புதிதல்ல. 1969லேயே ஜப்பானில் தனபே நிறுவனம் அமினோ அமிலம் தயாரிக்க இப்படி ஓட்டியது. மக்காச்சோளச் சர்க்கரையை பிரக்டோஸ் பாகாக மாற்றும் பெரிய ஆலைகள் எல்லாம் இன்றும் இந்த முறையில்தான் ஓடுகின்றன.

ஒட்டும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. பிசின் உருண்டையில் வெறுமனே ஒட்டவைப்பது மலிவு, ஆனால் நாளடைவில் நொதி கழன்று பாகோடு போகும். குளுட்டரால்டிஹைடு போன்றவற்றால் வேதிப் பிணைப்புப் போட்டால் கழலாது. ஆனால் ஒட்டும்போதே நொதியின் வேகத்தில் ஒரு பகுதி போய்விடும், கழுவாமல் விட்ட குளுட்டரால்டிஹைடு உணவில் வரக் கூடாது. உருண்டை பெரிதானால் கெட்டிப் பாகு அதன் நடுவரை போகாது, உள்ளே இருக்கும் நொதிக்கு வேலையே இருக்காது. ரொம்பச் சிறிதானால் பாகு போக வழி இல்லாமல் பம்பில் அழுத்தம் ஏறும்.

இனி, விற்பவர் சொல்லாத கணக்கு. அறுபது நாளில் நொதியின் வேகம் பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மணிக்கு 40 லிட்டர் பாகு விட்டு 55 விழுக்காடு எஃப்ஓஎஸ் எடுக்கிறீர்கள். அறுபதாம் நாள் அதே 55 வேண்டுமென்றால் 20 லிட்டர்தான் விட முடியும். நூற்று இருபதாம் நாள் 10 லிட்டர். “நாலு மாதம் ஓடும்” என்பது உண்மைதான், ஆனால் நாலாம் மாத முடிவில் கால்வாசிச் சரக்குதான் வரும். வாடிக்கையாளருக்கு மாதாமாதம் ஒரே அளவு கொடுக்க வேண்டுமானால் வயது முன்பின்னாக இரண்டு மூன்று கலன்களை வைத்து, ஒன்று கிழடாகும்போது இன்னொன்றைப் புதுசாக்க வேண்டும். முதலீட்டை ஒரு கலனுக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று: பாகு ஓடாத நாளிலும் சூட்டில் கிடக்கும் நொதி செத்துக்கொண்டேதான் இருக்கும். மாதத்தில் பத்து நாள் ஓட்டி இருபது நாள் கலனை ஐம்பது டிகிரியில் விட்டுவைத்தால், மூன்று பங்கு நொதியில் இரண்டு பங்கை விற்காத சரக்குக்குச் செலவழித்த கணக்கு. குளிர வைத்துப் பாதுகாக்கலாம், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவி அப்படியே வைத்தால் மீதமிருக்கும் நீர்த்த சர்க்கரையில் ஈஸ்ட் குடியேறிவிடும். கரண்ட் போனாலும் அதே ஆபத்துதான், ஜெனரேட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

வெப்பத்திலும் ஒரு பேரம் இருக்கிறது. விளம்பரத்தாளில் 60 டிகிரியில் வேகம் உச்சம் என்று போட்டிருப்பார்கள். வேகம் சரி, ஆயுசு? சில டிகிரி குறைத்து 50இல் ஓட்டினால் மணிக்கணக்கில் குறைவாக வரும், மாதக்கணக்கில் அதிகம் வரும். நான் 50 பக்கம்தான் சாய்வேன். அதற்குக் கீழே இறக்கினால் கிருமி பயம்.

இத்தனை சொன்னாலும், வருடம் முழுக்க, ராப்பகல், வெள்ளைச் சர்க்கரையில் ஒரே சரக்கு ஓட்டுபவருக்கு இதை விடச் சிறந்த வழி கிடையாது. நொதி பாகில் கலக்காது, ஒவ்வொரு தடவையும் கொல்ல வேண்டிய வேலை இல்லை, பதம் தவறும் பிரச்சினை பாதி போய்விடும், ஏனென்றால் பாகின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்தே விழுக்காட்டைப் பிடித்துவிடலாம். ராத்திரி ஷிப்டு ஆளுக்கு ஒரு வால்வும் இரண்டு மீட்டரும் தெரிந்தால் போதும்.

## வழி 4: பூஞ்சைச் செல்லையே உருண்டையில் அடைப்பது

நொதியைப் பிரித்தெடுக்காமல், அதைச் சுமக்கும் செல்களையே கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டில் குழைத்து, கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் உருண்டையாகிவிடும். கொரியாவில் ஆரியோபாசிடியம் செல்களை இப்படி அடைத்து எஃப்ஓஎஸ்ஸை வணிக அளவில் செய்தார்கள். காகிதத்தில் இதுதான் ஆகக் குறைந்த செலவு, அதனால்தான் கல்லூரி புராஜெக்டுகளில் பெரும்பாலும் இதையே பார்க்கலாம்.

நம்ம பக்கம் இதில் ஒரு பொறி இருக்கிறது: தண்ணீர். ஈரோடு, திருப்பூர், பெருந்துறை போர்த்தண்ணீர் கடினம், அதனால் எல்லோரும் சாஃப்ட்னர் போட்டிருப்பார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுகிறது. ஆல்ஜினேட் உருண்டையைக் கட்டியாக வைத்திருப்பதே கால்சியம்தான். சோடியம் அதன் இடத்தைப் பிடிக்கப் பிடிக்க உருண்டை ஊதிக் குழைந்து கடைசியில் கலனையே அடைத்துவிடும். பிஎச் நிறுத்த சிட்ரேட், பாஸ்பேட் உப்பு போட்டால் இன்னும் சீக்கிரம் கரையும். ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்த்துப் பாகு காய்ச்சுவது பாதுகாப்பு.

ஆரியோபாசிடியம் கறுப்பு நிறமியும் புல்லுலன் என்ற பசையும் விடும் ஜாதி. செல்லுக்குள் வேறு நொதிகளும் இருக்கும், அவை கட்டியதை உடைக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் நைகரில் சில ரகங்கள் ஆக்ராடாக்சின் போன்ற பூஞ்சை நச்சு உண்டாக்கும். ஆகவே நுண்ணுயிர்ச் சேமிப்பு நிலையத்திலிருந்து ஒரு கல்ச்சர் வாங்கி வந்து நேராக உணவுக்கு ஓட்டிவிட முடியாது, நச்சுப் பரிசோதனையும் உணவுக்கான ஒப்புதலும் வேண்டும். போதாததற்குப் பூஞ்சை வளர்க்கச் சுத்தமான ஃபெர்மென்டர் அறை. நுண்ணுயிரியல் படித்த ஆள் முழுநேரம் இல்லாத இடத்தில் நான் இதைச் சொல்லமாட்டேன்.

| | பொடி வாங்குவது | கரைத்த நொதி | நிலைநிறுத்திய நொதி | அடைத்த செல் |
|---|---|---|---|---|
| முதலீடு | இல்லை என்றே சொல்லலாம் | நடுத்தரம் | அதிகம் | அதிகம், ஆளும் வேண்டும் |
| விட்டு விட்டு ஓட்டலாமா | ஆம் | ஆம் | நஷ்டம் | நஷ்டம் |
| பாகின் சுத்தம் | பொருந்தாது | ஓரளவு போதும் | மிகவும் தேவை | மிகவும் தேவை, தண்ணீரும் |
| எஃப்ஓஎஸ் அளவு | 90க்கு மேலும் உண்டு | 55 முதல் 60 | 55 முதல் 60 | அதே அளவு அல்லது குறைவு |
| யாருக்கு | சத்துமாவு, பேக்கரி | சீசன் ஆலை, ஜாப் ஒர்க் | வருடம் முழுக்க ஒரே சரக்கு | சொந்த நுண்ணுயிர் ஆய்வகம் உள்ளவர் |

## தயாரிக்கும் மூன்று வழிக்கும் பொதுவான செலவு

அட்டவணையில் 55 முதல் 60 என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அங்கேதான் முக்கால்வாசித் திட்டங்கள் மாட்டிக்கொள்கின்றன. நொதியைக் கரைத்தாலும் கட்டினாலும் 100 கிலோ சர்க்கரையில் ஏறக்குறைய 55 கிலோ எஃப்ஓஎஸ்தான். மீதியில் 30 கிலோ சுமாருக்குக் குளுக்கோஸ், பத்துக் கிலோவை ஒட்டி மாறாத சர்க்கரை, கொஞ்சம் பிரக்டோஸ். இந்தப் பாகை ‘சுகர் நோயாளிகளுக்கு’ என்று ஒட்டி விற்பது அநியாயம். குளுக்கோசைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது.

குளுக்கோசை எடுக்க வழிகள் உண்டு. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியால் குளுக்கோனிக் அமிலமாக்கி எடுக்கலாம். ஈஸ்ட் விட்டுத் தின்ன வைக்கலாம், ஆனால் ஈஸ்டின் இன்வர்டேஸ் எஃப்ஓஎஸ்ஸையும் கடிக்கும், கவனம் வேண்டும். நானோ ஃபில்டர், குரோமட்டோகிராபி போன்ற பிரித்தெடுக்கும் கருவிகள் என்று போனால் முதலீடு நொதிக் கலனைத் தாண்டிவிடும். ஜாமுக்கும் மிட்டாய்க்கும் 55 விழுக்காட்டுப் பாகே போதும், குளுக்கோஸ் அங்கே குறையாகாது. அப்படியானால் சுத்திகரிப்பை விட்டுவிடலாம்.

நிறமும் உப்பும் எடுக்கும் ரெசின் கலன்களைப் புதுப்பிக்கும்போது அமிலமும் காரமும் கலந்த உப்புத் தண்ணீர் வரும். நொய்யல் கரையில் இதைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உணவு ஆலைதானே என்று இளக்காரமாக எடுத்துக்கொள்ளாமல், இடம் வாங்குவதற்கு முன்பே கழிவுநீருக்கு என்ன வழி என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டுவிட வேண்டும்.

விற்கும் சரக்கைப் பற்றியும் ஒன்று. பிஎச் 4க்குக் கீழே போய்ச் சூடும் சேர்ந்தால் எஃப்ஓஎஸ் உடைந்து வெறும் குளுக்கோசும் பிரக்டோசுமாகிவிடும். எலுமிச்சை ஜூஸ், புளிச்சாறு, ஊறுகாய் போடுபவர்கள் இதைச் சேர்த்துக் காய்ச்சி லேபிளில் ப்ரீபயாட்டிக் என்று போட்டால், சில மாதம் கழித்து பாட்டிலில் லேபிள் மட்டும்தான் ப்ரீபயாட்டிக்.

## சர்க்கரை தவிர வேறு மூலம்

பன்னீர் போடுபவர்கள் கேட்பது மோர்நீரை. அதிலுள்ள லாக்டோசைப் பீட்டா கேலக்டோசிடேஸ் நொதியால் ஜிஓஎஸ் (கேலக்டோ ஒலிகோசாக்கரைடு) என்ற ப்ரீபயாட்டிக் ஆக்கலாம். ஆனால் மோர்நீரில் லாக்டோஸ் ஐந்து விழுக்காட்டுக்குள்தான். புரதத்தை வடித்து, 30, 40 விழுக்காட்டுக்குச் சுண்டவைத்த பிறகே நொதி வேலை. அதற்குப் பிறகும் 40 விழுக்காட்டைத் தாண்டுவது கஷ்டம். புரதத்தை வடிக்காமல் நொதிக் கலனுக்கு விட்டால் அடைப்பு நிச்சயம். சேலம், நாமக்கல் மரவள்ளி ஸ்டார்ச்சில் ஐஎம்ஓ (ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடு) செய்யலாம், ஆனால் அதில் ஒரு பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும், எஃப்ஓஎஸ் அளவுக்கு அதை ப்ரீபயாட்டிக் என்று அடித்துச் சொல்ல முடியாது. மக்காச்சோளக் கட்டையிலுள்ள சைலன் என்ற நார்ப்பொருளிலிருந்து எக்ஸ்ஓஎஸ் (சைலோ ஒலிகோசாக்கரைடு) செய்யலாம், ஆனால் நிலைநிறுத்திய நொதிக்குக் கட்டை நேராக ஒத்துவராது. உருண்டைக்குள் ஒட்டிய நொதியும் கரையாத கட்டையும் ஒன்றையொன்று தொடவே முடியாது. முதலில் காரத்திலோ நீராவியிலோ சைலனைக் கரைத்தெடுக்க வேண்டும்.

## வாங்குவதற்கு முன்

திருப்பூர்க்காரர்களுக்குப் பழகிய ஜாப் ஒர்க் இங்கேயும் கைகொடுக்கும். முதல் வருடம் கரைத்த நொதியில், இருக்கும் தொட்டியில் ஓட்டிப் பாருங்கள். தொட்டி இல்லையென்றால் பாகு காய்ச்ச வசதியுள்ள இன்னொருவரிடம் கூலிக்குக் கொடுங்கள். மாதத்தில் இருபது நாளுக்கு மேல் ஆர்டர் தொடர்ந்து வந்தால் கலனைப் பற்றி அப்புறம் பேசலாம். அப்படிப் பேசும்போது விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்: நொதி எந்த நுண்ணுயிரிலிருந்து, உணவுக்கான சான்று எங்கே, ஒட்டுவதற்கு என்ன பயன்படுத்தினார்கள், தீர்ந்த உருண்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, மாற்று உருண்டை வர எத்தனை நாள் ஆகும். வேகம் பாதியாகும் நாள் எது என்று கேட்கும்போது, அது உங்கள் 60 பிரிக்ஸ் பாகில், உங்கள் 50 டிகிரியில், உங்கள் தண்ணீரில் பார்த்த கணக்கா என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஆய்வகத்தில் பத்து விழுக்காட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் எடுத்த எண்ணைக் காட்டினால், நம் கலனில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை.